கொழுக்குமலைப் பாதையில் சாய்வின் கணக்கு

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் நுழைந்து, இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏற வேண்டும். போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணியிலிருந்து மேலே வருவது மலையேறுகிறவர்களுக்கான நடைபாதை. சூரியநெல்லியிலிருந்து தோட்டம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சொந்தக் காரில் வருகிறவர்கள் அதைச் சூரியநெல்லியிலேயே நிறுத்திவிட்டு, அங்கே வரிசையாக நிற்கும் ஃபோர் வீல் ஜீப்புகளில் ஒன்றில் ஏறிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சூரிய உதயத்துக்காகப் போகிறார்கள். என்னை இழுத்தது பாதை. கல்லும் குழியுமான மலைப்பாதையில் ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே ஏறும்போது, உள்ளே இருக்கும் எல்லோருடைய மனத்திலும் ஒரே கேள்விதான் எழுகிறது: இன்னும் எவ்வளவு சாய்ந்தால் கவிழும்? சிலர் அதைச் சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். சிலர் கேட்காமல் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கேள்விக்குச் சரியான விடை இருக்கிறது. பள்ளிக்கூடக் கணக்கிலேயே அதைப் போட்டுவிடலாம். அந்த விடையைத் தெரிந்துகொண்டு ஏறுகிறவருக்குப் பயம் குறையும், பொறுப்பு கூடும். இதைச் சொல்லத்தான் இந்தப் பயணத்தை எழுதுகிறேன்.

விடியற்காலை நான்கு மணிக்கே சூரியநெல்லி விழித்துவிடுகிறது. டீக்கடை விளக்குகளும் ஜீப்புகளின் முகவிளக்குகளும்தான் வெளிச்சம். டிரைவர்களில் தமிழ் பேசாதவர் யாரும் என் கண்ணில் படவில்லை. தோட்டவேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறிய குடும்பங்கள் இந்தப் பகுதி முழுக்க இருக்கின்றன. வரிசையில் நின்றவை பெரும்பாலும் பழைய மஹிந்திரா ஜீப்புகள். மஹிந்திரா நிறுவனம் 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கியது; இந்திய மலைகளில் ஓடும் ஜீப்புகளின் வம்சம் அங்கிருந்து வருகிறது. இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த வில்லிஸ் ஜீப்பில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 48¼ அங்குலம்தான். குறுகலான பாதையில் நுழைய வேண்டும், கல்லில் அடிபடாமல் அடிப்பாகம் உயரமாக இருக்க வேண்டும் என்ற இரண்டு தேவைகளுக்காகப் பிறந்த வடிவம் அது. அகலம் குறைவு, உயரம் அதிகம். எங்கும் போகும் திறமையும் எளிதாகச் சாயும் குணமும் அந்த வடிவத்தோடு சேர்ந்தே வந்தவை.

எங்கள் ஜீப்பில் முன்னால் டிரைவரோடு நான். பின்னால் எதிரெதிரான இரண்டு நீளப் பலகைகளில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பமும், தெரியாத இரண்டு இளைஞர்களும். இளைஞர்கள் பின்பக்கப் படியில் நின்றுகொண்டு வர விரும்பினார்கள்.

“தம்பி, உள்ள உக்காருங்கப்பா. மேல போயி எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க” என்றார் டிரைவர். பைகளை மேலே கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். “வேணாம் சார், காலுக்கடியில போடுங்க.” கண்டிப்பான குரல் இல்லை, ஆனால் இரண்டாம் முறை கேட்கத் தோன்றாத குரல். அந்த இரண்டு வார்த்தைக்கும் இருந்த மதிப்பு பிறகு கணக்குப் போடும்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே போகும் முதல் கொஞ்ச தூரம் ஓரளவு நல்ல பாதை. அதற்கப்புறம் தார் என்ற பேச்சே இல்லை. ஒரு காலத்தில் பாவிய கற்களில் பாதியை மழை பெயர்த்து எடுத்துவிட்டது. மிச்சமிருக்கும் பாதி கூர் மேலே தெரியக் கிடக்கிறது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் சரிவு. மழைத் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடுவதால் பள்ளத்துப் பக்க ஓரம் வருடந்தோறும் கொஞ்சம் தாழ்ந்துபோகிறது. ஆகவே பல இடங்களில் பாதையே பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

நான் போனில் சாய்வுக்கோணம் காட்டும் செயலியைத் திறந்து டாஷ்போர்டில் பொருத்தியிருந்தேன். எண்பதுகளின் மிட்சுபிஷி பஜேரோவில் இதற்கென்றே தனிக் கருவி முன்பலகையில் இருந்தது. இன்றைய மஹிந்திரா தார் வண்டியின் திரையிலும் சாய்வு டிகிரியில் தெரிகிறது. எங்கள் ஜீப்பில் அப்படி எதுவும் கிடையாது. டிரைவர் என் போனை ஒரு முறை பார்த்தார், பிறகு பாதையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் ஜீப்பை நிறுத்தினார். இறங்கவில்லை; முகவிளக்கு வெளிச்சத்தில் தரையைப் படித்தார். மேட்டுப் பக்கச் சக்கரம் போக வேண்டிய தடத்தில் முழங்கால் உயரத்தில் பாதியளவுக்கு ஒரு கல் துருத்திக்கொண்டிருந்தது. பள்ளத்துப் பக்கத் தடத்தில் ஓரம் சரிந்து ஒரு குழி. கல்லைத் தவிர்த்தால் குழிக்கு நெருக்கமாகப் போக வேண்டும். குழியைத் தவிர்த்தால் கல்லில் ஏற வேண்டும்.

“அக்கா, நீங்களும் பாப்பாவும் இந்தப் பக்கம் வந்து உக்காருங்க” என்று பள்ளத்துப் பக்கப் பலகையிலிருந்த அம்மாவையும் கல்லூரிக்குப் போகும் மகளையும் மேட்டுப் பக்கம் மாற்றினார். பிறகு சின்னக் கம்பியைப் பின்னால் இழுத்து லோ கியரில் போட்டார். எஞ்சின் சத்தம் மாறியது. ஜீப் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக நகர்ந்தது. கல்லையே தேர்ந்தெடுத்திருந்தார்.

மேட்டுப் பக்க முன்சக்கரம் கல்லைத் தொட்டது. டயர் கல்லை முதலில் கவ்வியது, பக்கச்சுவர் பிதுங்கியது, பிறகு சக்கரம் மெல்ல மேலே எழுந்தது. போனில் 15 என்று இருந்த எண் 17 ஆகி 19 ஆனது. முன்சக்கரம் கல்லின் உச்சியில் இருக்கும்போது பின்சக்கரம் இன்னும் தரையில்தான். அதனால் முன்னச்சு சாய்ந்த அளவுக்கு வண்டியின் உடல் சாயவில்லை. இந்த ஜீப்புகளுக்கு முன்னும் பின்னும் ஒரே இரும்பாக நீளும் முழு அச்சு. ஒரு சக்கரம் ஏறினால் அச்சு முழுவதும் சாயும். அந்தச் சாய்வில் ஒரு பகுதியை ஸ்பிரிங் பட்டைகள் வளைந்து வாங்கிக்கொள்ளும். உடலுக்கு மிச்சம்தான் வரும். அடுத்து பின்சக்கரம் கல்லுக்கு வந்தபோது டிரைவர் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் வைத்து, அதையும் கல்லில் ஏற்றி, கல்லிலிருந்து ஒரு சாண், இன்னொரு சாண் என்று இறக்கினார். சக்கரம் எந்தக் கணத்திலும் விழவில்லை. எண் 21ஐத் தொட்டுவிட்டு இறங்கியது. பின்னால் யாரோ முருகனைக் கூப்பிட்டார்கள். என் உடம்பு அடித்துச் சொன்னது, குறைந்தது நாற்பது டிகிரி சாய்ந்தோம் என்று.

வளைவைக் கடந்ததும், “அண்ணே, இதுதான் இந்தப் பாதையிலேயே அதிகச் சாய்வா?” என்று கேட்டேன்.

“சாயறதுல ஒண்ணும் இல்ல சார். சாஞ்ச வண்டி குதிக்கக்கூடாது. கல்லுல ஏத்தணும், கல்லுலேர்ந்து இறக்கணும். விழ விட்டா போச்சு.”

பிறகு வந்ததெல்லாம் சூரிய உதயத்துக்குப் போகும் எல்லோரும் பார்ப்பதுதான். சிங்கப்பாறை அருகே ஜீப்புகள் நிற்க, கூட்டம் விளிம்புக்கு நகர்ந்தது. போடிப் பக்கத்துச் சமவெளி முழுவதையும் மேகம் மூடியிருந்தது. அதன் விளிம்பு சிவந்து, மஞ்சளாகி, வெளிச்சம் முதலில் மீசைப்புலிமலையின் முகட்டில் விழுந்தது. 2,640 மீட்டர் உயரமுள்ள அந்த முகடு அங்கிருந்து பார்க்கும்போது கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றியது. இன்னும் கொஞ்சம் தள்ளி, சுமார் 7,900 அடி உயரத்துத் தோட்டமும், பிரிட்டிஷ்காரர்கள் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலையும். இலையை வாட்டி, உருட்டி, நிறம் மாறவிட்டு, உலர்த்தும் பழைய முறையிலேயே தூள் செய்கிறார்கள். கையில் சூடான டீயோடு ஜீப்புக்குத் திரும்பி வந்தேன். டிரைவர் டயர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டுபோயிருந்த டேப்பைப் பிரித்தேன். அவரும் ஆர்வத்தோடு மறுமுனையைப் பிடித்தார். டயரின் நடுவிலிருந்து எதிர் டயரின் நடுவுக்கு ஏறக்குறைய 130 சென்டிமீட்டர்.

இனிக் கணக்கு. எந்த வண்டிக்கும் அதன் மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க ஒரு புள்ளி உண்டு. அதை எடை மையம் என்போம். அந்தப் புள்ளியிலிருந்து பூமியை நோக்கி நேர்கீழாக ஒரு கோடு இழுத்தால், அது நான்கு சக்கரங்களுக்கு உள்ளே விழும்வரை வண்டி நிற்கும். வண்டி சாயச் சாய அந்தக் கோடு பள்ளத்துப் பக்கச் சக்கரத்தை நோக்கி நகரும். அது அந்தச் சக்கரம் தரையைத் தொடும் இடத்தைத் தாண்டிய கணத்தில் வண்டி கவிழும். எந்த எஞ்சினும் எந்த ஃபோர் வீலும் அதைத் தடுக்க முடியாது. ஆகவே தெரிய வேண்டியவை இரண்டே அளவுகள்: சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதி, எடை மையத்தின் உயரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண்தான் வண்டியின் நிலைத்தன்மை.

எங்கள் ஜீப்பின் பாதி அகலம் 65 சென்டிமீட்டர். காலி ஜீப்பின் எடை மையமும் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட வண்டிக்கு அது பொருத்தமான அளவு. வகுத்தால் 1. அந்த எண்ணை டேன்ஜன்ட்டாகக் கொண்ட கோணம்தான் கவிழும் எல்லை: 45 டிகிரி. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2001ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கார்களுக்குக் கவிழும் அபாயத்துக்கான நட்சத்திர மதிப்பீடு கொடுக்கத் தொடங்கியபோது இந்த எண்ணைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. சாதாரணக் கார்களுக்கு அது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை வருகிறது. உயரமான எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. சில சென்டிமீட்டர்களின் வித்தியாசம்தான் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்கிறது.

ஆனால் 45 என்பது தாளில் வரும் எண். ஸ்பிரிங்கும் டயரும் இரும்புக்கட்டைகளாக இருந்தால்தான் அந்த எண் முழுதாக நிற்கும். உண்மையில் வண்டி சாயும்போது பள்ளத்துப் பக்க ஸ்பிரிங் அமுங்குகிறது, மேட்டுப் பக்க ஸ்பிரிங் விரிகிறது, கீழ் டயர் பிதுங்குகிறது. உடல் சக்கரங்களைவிட அதிகமாகச் சாய்ந்து, எடை மையமும் பள்ளத்தை நோக்கி நகர்கிறது. நிறுத்திவைத்த வண்டியைச் சாய்மேடையில் மெதுவாகச் சாய்த்துப் பார்க்கும் சோதனைகளில், தாளில் வரும் கோணத்துக்குச் சில டிகிரி முன்னாலேயே மேல்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்துவிடுவது இதனால்தான்.

அடுத்து ஆட்கள். 1,300 கிலோ ஜீப்பில் ஆறு பேர் ஏறினால் சுமார் 400 கிலோ கூடுகிறது. பின்பலகை உயரத்தில் உட்கார்ந்திருக்கும் உடம்புகளின் எடை, தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும். இரண்டையும் சேர்த்தால் எடை மையம் 65இலிருந்து ஏறக்குறைய 74 சென்டிமீட்டருக்கு ஏறிவிடும். 45 டிகிரி 41 ஆகும். அதற்கு மேல் கூரையில் 100 கிலோ மூட்டை கட்டினால் எடை மையம் 80ஐத் தாண்டும். கோணம் 39க்கும் கீழே போகும். டிரைவர் பைகளைக் காலுக்கடியில் போடச் சொன்னதன் மதிப்பு இதுதான். வைக்கோலை வானளாவ அடுக்கிய மாட்டுவண்டியின் ஒரு சக்கரம் வாய்க்கால் ஓரத்தில் இறங்கினாலே குடைசாய்ந்துவிடுவதை ஊரில் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த அம்மாவையும் மகளையும் இடம் மாற்றியதற்கு வருவோம். 140 கிலோ எடை பள்ளத்துப் பக்கத்திலிருந்து மேட்டுப் பக்கத்துக்கு ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நகர்ந்தது. மொத்த எடை 1,700 கிலோ என்றால் எடை மையம் மேட்டுப் பக்கம் ஆறேழு சென்டிமீட்டர் போகும். அதனால் கூடிய கோணம் ஏறக்குறைய 3 டிகிரி. இரண்டு பேர் எழுந்து எதிர்ப்பலகையில் உட்கார்ந்ததற்குக் கிடைத்த பலன் இது. இதையே வண்டியை மாற்றிச் செய்வதென்றால் எவ்வளவு வேலை என்று மாருதி ஜிப்சியைக் கேட்டால் தெரியும். 1993இல் அந்த வண்டியின் சக்கர இடைவெளியை 90 மில்லிமீட்டர் அகலப்படுத்தினார்கள். முன்பக்கம் 1,210இலிருந்து 1,300 ஆனது. நம்முடைய 65 சென்டிமீட்டர் எடை மையத்தை வைத்துப் பார்த்தால் அதற்குக் கிடைக்கும் கூடுதல் கோணம் 2 டிகிரி சொச்சம். இன்று ஆஃப் ரோடு மோகத்தில் பலர் ஸ்பிரிங்கை உயர்த்தி வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்துகிறார்கள். 5 சென்டிமீட்டர் தூக்கினால் போகும் கோணமும் அதே 2 டிகிரிதான். ஒரு தொழிற்சாலை அச்சை மாற்றிச் சேர்த்துக் கொடுத்ததை ஒரு மதிய நேரத்து மெக்கானிக் வேலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். தூக்கிய வண்டியில் வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. கல்லில் அடிபடாமல் போக உயரம் வேண்டும். கொடுத்தது எவ்வளவு என்று தெரிந்து கொடுக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

இதுவரை கணக்கில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. பாதையில் அது நகர்கிறது. 130 சென்டிமீட்டர் அகல வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்கள் இரண்டும் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் நாலரை டிகிரி கூடும்; 20 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 9. பாதையே 15 டிகிரி சாய்ந்திருக்கும் இடத்தில் மேல்சக்கரங்கள் 20 சென்டிமீட்டர் கல்வரிசையில் ஏறினால் 24. அதே நேரம் கீழ்ச்சக்கரங்கள் 10 சென்டிமீட்டர் குழியில் இறங்கினால் 28. ஆட்களோடு கவிழும் எல்லை தாளில் 41, ஸ்பிரிங்கும் டயரும் எடுத்துக்கொண்டது போக முப்பதுகளின் நடுப்பகுதி என்றால், இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த இடத்தை விழுங்குவது வேகம்.

பத்து மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் மணிக்கு 10 கிலோமீட்டரில் திரும்பினால், வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை நாலரை டிகிரி கூடுதல் சாய்வுக்குச் சமம். அதே வளைவில் 20 கிலோமீட்டரில் திரும்பினால் 17 டிகிரிக்கு மேல். வேகம் இரண்டு மடங்கு, விசை நான்கு மடங்கு. நகரத்தில் 20 கிலோமீட்டர் என்பது ஊர்ந்து போகும் வேகம். பள்ளத்துப் பக்கம் சாய்ந்த மலை வளைவில், கல்லும் குழியும் சேர்ந்த இடத்தில், அது ஜீப்பை எல்லைக்கு அப்பால் கொண்டுபோகப் போதும். “குதிக்கக்கூடாது” என்று டிரைவர் சொன்னதும் இந்தக் கணக்குக்குள்தான் வருகிறது. கல்லிலிருந்து சக்கரம் தடாலென்று விழுந்தால் உடல் ஸ்பிரிங் மேல் ஆடும். அந்த ஆட்டம் வண்டியை, அது மெதுவாகச் சாய்ந்தால் போய் நிற்கும் கோணத்தையும் தாண்டிக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் திரும்பும். திரும்ப இடம் இருந்தால் பிழைத்தோம்.

போனில் நான் கண்ட உச்ச எண் 21. எல்லை முப்பதுகளில் என்றால் பாதிக்குச் சற்று மேலேதான் போயிருக்கிறோம். உடம்பு ஏன் நாற்பது என்று கத்தியது? பக்கவாட்டுச் சாய்வுக்கு நாம் பழக்கப்பட்டவர்கள் இல்லை. சாலைகள் நம்மை ஒருசில டிகிரிக்கு மேல் சாய்ப்பதில்லை. 20 டிகிரி வந்ததும் நம் எடை பள்ளத்துப் பக்கத் தோளில் விழுகிறது, கதவுக்கு வெளியே ஆழம் தெரிகிறது. கண்ணும் காதும் சேர்ந்து இருமடங்காகக் கணக்குச் சொல்கின்றன. உயரமும் அதே மாதிரி ஏமாற்றும். லண்டன் இரட்டை மாடிப் பேருந்தைப் பார்த்தால் தள்ளினால் விழுந்துவிடும் என்று தோன்றும். மேல்மாடியில் மட்டும் மணல்மூட்டைகளால் பயணிகளின் எடையை ஏற்றி, 28 டிகிரிவரை சாய்த்தும் அது கவிழக்கூடாது என்பது அங்குள்ள விதி. அதில் தேறிய பேருந்துகளே ஓடுகின்றன. எஞ்சினும் சேஸியும் அடியில் கனமாக இருப்பதால் அதன் எடை மையம் நாம் நினைப்பதைவிடத் தாழ்வு.

ஆகவே அச்சத்தின் அளவு வேறு, ஆபத்தின் அளவு வேறு. இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீயைப் போன்ற அகலமும் தாழ்வுமான வண்டி அரிது. சக்கர இடைவெளியே 1.8 மீட்டருக்கு மேல், நம் ஜீப்பைவிட அரை மீட்டர் கூடுதல். அப்படிப்பட்ட வண்டிக்கு அவர்கள் எழுதிவைத்திருக்கும் பக்கவாட்டுச் சரிவின் எல்லை 40 சதவீதம், அதாவது சுமார் 22 டிகிரி. கவிழும் கோணம் அதைவிட மிக அதிகம் என்று தெரிந்துதான் 22 என்று நிறுத்தியிருக்கிறார்கள். மிச்சமிருக்கும் டிகிரிகள் வீணாகக் கிடப்பவை அல்ல. கண்ணுக்குத் தெரியாத கல், புல்லுக்கடியில் இருக்கும் குழி, கூரைமேல் போட்ட சுமை, ஓட்டுகிறவரின் கை ஒரு கணம் தாமதிப்பது, இவற்றுக்காக ஒதுக்கிவைத்த சேமிப்பு.

ஆஃப் ரோடு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் ஒரு பாடம் சொல்வார்கள். சரிவில் குறுக்கே போகும்போது வண்டி கவிழத் தொடங்குவதாகத் தெரிந்தால் ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் திருப்பாதே, பள்ளத்துப் பக்கம் திருப்பு. உடம்பு கேட்பதற்கு நேர் எதிரான பாடம். ஆனால் காரணம் தெளிவானது: பள்ளத்தை நோக்கித் திரும்பினால் வண்டியின் மூக்கு சரிவின் திசைக்கு வரும், பக்கவாட்டுச் சாய்வு முன்பின் சாய்வாக மாறும். ஜீப்பின் நீளம் அதன் அகலத்தைவிட அதிகம் என்பதால் அந்தத் திசையில் அதைக் கவிழ்ப்பது கடினம். புல்வெளியிலும் மணல்மேட்டிலும் உயிர் காக்கும் பாடம் இது.

கொழுக்குமலைப் பாதையில் அந்தப் பாடம் செல்லாது. பள்ளத்துப் பக்கம் திருப்ப அங்கே தரை இல்லை. தேயிலைச் சரிவோ வெறும் ஆழமோதான் இருக்கிறது. தவறு நடந்தபின் செய்ய வழியில்லாத இடத்தில் செய்ய வேண்டியதெல்லாம் முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். வளைவுக்கு முன் நிறுத்தி வெளிச்சத்தில் தரையைப் படிப்பது, குழியா கல்லா என்று தீர்மானிப்பது, ஆட்களை மேட்டுப் பக்கம் மாற்றுவது, லோ கியரில் போடுவது, சக்கரத்தை விழ விடாமல் இறக்குவது. நான் பார்த்த டிரைவரின் திறமை முழுவதும் ஆபத்து வருவதற்கு முன்னால் இருந்தது. வீரம் காட்ட வேண்டிய கணமே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை.

கல்லைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று இறங்கும் வழியில் கேட்டேன். கல்லில் ஏறினால் சாய்வு கூடத்தானே செய்யும்? “கல்லு கண்ணுக்குத் தெரியுது சார். எவ்வளவு ஏறும்னு தெரியும். அந்த ஓரம் மழையில ஊறிக் கெடக்கு. சக்கரம் போனப்புறந்தான் அது தாங்குமா தாங்காதான்னு தெரியும்.” தெரிந்த 6 டிகிரியை ஏற்றுக்கொண்டு, தெரியாத ஒன்றைத் தவிர்த்திருக்கிறார். அமெரிக்காவில் தனி வண்டி கவிழும் விபத்துகளில் சுமார் 95 சதவீதம், வண்டி பக்கவாட்டில் சறுக்கிப்போய்ச் சக்கரம் ஏதோ ஒன்றில் தடுக்கியதால் நடப்பவை என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது. மென்மையான மண், ஓரக்கல், குழி, ஏதாவது ஒன்று. ஈர ஓரத்தில் கீழ்ச்சக்கரம் நழுவித் தடுக்குவதும் அதே வகைதான். நமது ஜீப்பை 45 டிகிரி சாய்த்துக் கவிழ்க்க ஒரு மேடை வேண்டும். ஆனால் சறுக்கித் தடுக்கிய ஜீப்புக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

இறங்கும்போது பாதை பகல் வெளிச்சத்தில் முழுதாகத் தெரிந்தது. அதே வளைவில் இப்போது எங்களுக்கு எதிரே ஏறிவந்த ஒரு ஜீப்பின் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று பேர் பின்படியில் நின்று படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். உற்சாகமான முகங்கள். நிற்கும் உடம்பின் எடை உட்கார்ந்திருக்கும் உடம்பைவிட உயரத்தில் இருக்கிறது; வண்டி சாயும்போது நிற்கிறவர் பள்ளத்துப் பக்கமே தொங்குகிறார். வண்டி ஒரு பக்கம் உருண்டால் முதலில் அடியில் சிக்குவதும் அவரே. எங்கள் டிரைவர் அந்த ஜீப்புக்கு ஒதுங்கி வழிவிட்டார். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிடுவது வழக்கம். ஒதுங்கும்போதும் மலைச்சுவர்ப் பக்கமாகவே ஒதுங்கினார்.

நம் மலைகளில் ஜீப் சவாரி பெருகிக்கொண்டே இருக்கிறது. டிரைவரின் பிழைப்பு பயணிகளின் மகிழ்ச்சியில் இருக்கிறது. “இன்னும் கொஞ்சம் வேகமாப் போங்க”, “நல்லா குலுக்குங்க” என்று பின்னாலிருந்து குரல் வரும்போது மறுத்துச் சொல்ல எல்லோராலும் முடிவதில்லை. சுமை எவ்வளவு, ஆட்கள் எத்தனை, கூரையில் என்ன என்பதையும் பல நேரங்களில் தீர்மானிப்பது பணம் கொடுக்கும் நாம்தான். ஆகவே கவிழும் கோணத்தைப் பற்றிய இந்தக் கணக்கு ஓட்டுகிறவருக்கு மட்டும் உரியது அல்ல. வண்டி தயாரித்தவர் 45 டிகிரி கொடுத்தார். பாதை அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது; அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கூரைச்சுமை எடுக்கும் இரண்டு டிகிரி, படியில் நிற்பதால் போகும் டிகிரி, வேகம் விழுங்கும் பதினேழு டிகிரி, இவை எல்லாம் நம் கையில் இருக்கின்றன. எதிர்ப்பலகைக்கு மாறி உட்காரச் சொன்னதும் எழுந்து மாறுகிற பயணி மூன்று டிகிரியைத் திருப்பிக் கொடுக்கிறார்.

கொழுக்குமலைக்குப் போங்கள். ஜீப் சாயும், சாயட்டும். பையைக் காலடியில் வையுங்கள், உள்ளே உட்காருங்கள், கையையும் தலையையும் வெளியே நீட்டாதீர்கள், பெல்ட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். டிரைவர் மெதுவாகப் போகும்போது அவரை அவசரப்படுத்தாதீர்கள். வளைவுக்கு முன்னால் அவர் நிறுத்தினால் அந்த அரை நிமிடத்துக்கு அமைதியாக இருங்கள். அவர் அப்போது போடும் கணக்கில் உங்கள் எடையும் ஒரு எண்.